ஓய்வூதியம் வந்த வழி

ஒவ்வொரு திங்களின் கடைசி நாள் மாலையிலும் நமது காலனியில் ஏதேனும் ஒரு வீட்டு வாயிலில், கழுத்தில் சாமந்தி மாலையும் தோளில் சால்வையுமாக ஒருவர் வந்து இறங்குவதைக் காண்கிறோம். அலுவலக நண்பர்கள் உடன் வருவர். அவர்கள் அளித்த சுவர்க் கடிகாரம் மேசைமேல் வைக்கப்படும். கேசரியும் காப்பியும் வழங்கப்பெறும். இரண்டொருவர் வாழ்த்திப் பேசிய பின் அனைவரும் விடைபெறுவர். சில திங்கள் கழித்து அதே வாயிலில் லாரி ஒன்று வந்து நிற்கும். கொலுப்படிகளும், இட்டிலிக் கொப்பரையும், பிள்ளைகள் பெற்ற பரிசுக் கோப்பைகளும், தில்லியின் முப்பத்தைந்து குளிர்காலங்களைக் கண்ட ரஜாய்களும் அதில் ஏறும். சர்க்கார் கொடுத்த வீட்டைச் சர்க்காரிடமே ஒப்படைத்துவிட்டு அக்குடும்பம் துவாரகாவுக்கோ, மதுரைக்கோ, பெங்களூரில் உள்ள மகன் வீட்டுக்கோ போய்ச் சேரும்.

போன இடத்தில் அவர்களுக்கு உறுதியாக உள்ள துணை ஒன்றுதான். திங்கள் பிறந்ததும் வங்கிக் கணக்கில் வந்து விழும் ஓய்வூதியமே அது. கோடை வருவதும் மழை பெய்வதும்போல அதுவும் தானாகவே வருவது என்று நம்மில் பலர் எண்ணிவிட்டோம். அது வந்த வழி நெடியது. அவ்வழியின் கடினமான பகுதிகளை நடந்து கடந்தவர்கள், உத்தியோகத்தில் வலிமையோடு இருந்தவர்களைக் காட்டிலும், உத்தியோகத்தை விட்டு நீங்கிய முதியோர்களும் கணவரை இழந்த பெண்களுமே ஆவர். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் எனச் செயலாளர் பணித்தபோது, இவ்வரலாற்றை நம் பிள்ளைகள் படிக்கும்படி எழுதிவைத்தல் நலம் எனக் கருதினோம்.

நரையும் மூப்பும் பற்றிப் பேசத் தொடங்கும் தமிழர் பிசிராந்தையாரை நினையாமல் இருத்தல் இயலாது. ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என வினவியவர்க்கு அவர் புறநானூற்றில் விடை கூறியிருக்கிறார். அவ்விடையில் மருந்து, மூலிகை என்ற பேச்சே இல்லை. மனைவியும் மக்களும் நல்லவர்கள், ஏவலர் தம் குறிப்பறிந்து நடப்பவர்கள், வேந்தன் தீயன செய்யாது காப்பவன், ஊரில் சான்றோர் பலர் உளர் என்பவையே அவர் கூறிய காரணங்கள். இவற்றுள் முன்னவை வீட்டுக்கு உள்ளே இருப்பவை. பின்னவை இரண்டும் வெளியே, நாட்டிலும் ஊரிலும் இருப்பவை. நாம் ஈண்டு எழுதப் புகுவது அப்பின்னவற்றைப் பற்றியே. வீட்டுக்குள் நடப்பதைக் குறித்து எழுதுவதற்கு நமக்குத் துணிவும் இல்லை!

தொழிலாளரின் முதுமைக்கென நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டம் இயற்றியதில் முன்னின்றது ஜெர்மனி. பிஸ்மார்க் காலத்தில், 1889ஆம் ஆண்டில், 70 வயது எய்தியவர்க்குப் பணம் கொடுக்கும் காப்பீட்டுச் சட்டம் அங்கே நிறைவேறிற்று. இங்கிலாந்து 1908ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 1909ஆம் ஆண்டு ஜனவரி முதல், 70 வயது கடந்த வறியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை அஞ்சல் நிலையங்களின் வழியே வழங்கிற்று. இங்கிலாந்தின் அவ்வரசே ஆண்ட நமது நாட்டிலோ நிலைமை வேறு. இங்கே பென்ஷன் உண்டு. ஆயின் சர்க்கார் ஊழியர்க்கு மட்டுமே உண்டு. அதனையும் 1871ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டம் ஒரு கருணைச் செயலாகவே வைத்திருந்தது. பென்ஷன் தொடர்பான வழக்கு எதனையும் சிவில் நீதிமன்றம் ஏற்றல் கூடாது என்பது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு. கலெக்டர் சான்று கொடுத்தால் ஒழிய நீதிமன்றக் கதவு திறவாது. கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது. மறுத்தால் கேட்பதற்கு இடமில்லை என்பதே அதன் உட்பொருள்.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர், ஷார்ட்ஹாண்டும் டைப்ரைட்டிங்கும் கணக்கும் கற்ற தமிழ் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக வடக்கே ரெயில் ஏறினர். கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என்று அலுவலகத்தோடு அவர்களும் மலை ஏறி இறங்கினர். 1922ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள் ஓய்வு பெறும் வயதைப் பொதுவாக 55 என வகுத்தன. 55 ஆனதும் ஊருக்குத் திரும்புவது என்பது அவர்கள் அனைவரும் மனத்துள் போட்டிருந்த திட்டம். அங்கே வீடு இருந்தது, ஆறு இருந்தது, அண்ணன் தம்பிமார் இருந்தனர். எஞ்சிய வாழ்நாளும் நெடிதாக இராது என்றே எல்லோரும் எண்ணினர்.

அவர்கள் எண்ணியதிலும் பிழையில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இவ்வெண்ணைக் கண்டு அக்காலத்தில் எல்லோரும் முப்பத்திரண்டில் இறந்தனர் எனக் கொள்ளுதல் கூடாது. குழந்தைகள் மிகுதியாக இறந்தமையால் சராசரி தாழ்ந்து நின்றது. 55 வயதைக் கண்டவர்கள் இன்னும் பல ஆண்டு வாழவே செய்தனர். எனினும் அறுபது கடந்தவர் தொகை சிறிதாகவே இருந்தது. 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவர்கள் 2.47 கோடி. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 10.38 கோடி. ஐம்பது ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல் பெருகிய இக்கூட்டத்தை எதிர்பார்த்து அன்றைய விதிகள் எழுதப்பட்டிருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த அரசியற் சட்டத்தின் 41ஆவது உறுப்பு, முதுமையிலும் நோயிலும் வேலையின்மையிலும் அரசின் உதவி பெறும் உரிமையைத் தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு உறுதிப்படுத்த அரசு முயல வேண்டும் என்றது. சொல் அழகிய சொல்லே. ஆயினும் அதனைக் காட்டி எவரும் வழக்கிட முடியாது. 1952ஆம் ஆண்டின் பிராவிடண்ட் பண்டு சட்டம் சிமெண்டு, சிகரெட்டு, பொறியியற் பொருள்கள், இரும்பும் எஃகும், காகிதம், நெசவு ஆகிய 6 தொழில்களில் தொடங்கிப் பிறகு விரிந்தது. எவர் துணையும் அற்ற ஏழை முதியோர்க்கு உத்தரப் பிரதேசம் 1957ஆம் ஆண்டிலேயே உதவித்தொகை தொடங்கிற்று. சென்னை மாநிலம் 1962ஆம் ஆண்டு ஏப்ரலில் திங்கள் 20 ரூபாய் எனத் தொடங்கிற்று. தில்லியில் ஐந்தாம் நிலைக் குமாஸ்தாவாக இருந்தவனின் அத்தைக்கு ஊரில் இருபது ரூபாய் கிடைத்த செய்தி, அந்நாளில் இங்குள்ள பல வீடுகளுக்குக் கடிதத்தில் வந்த நற்செய்திகளுள் ஒன்று.

இனி ரெயில்வேக் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ரெயில்வே ஊழியர்க்கு நெடுங்காலம் பென்ஷன் கிடையாது. பிராவிடண்ட் பண்டு மட்டுமே உண்டு. 1957ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ஆணையால் அவர்களுக்கும் பென்ஷன் திட்டம் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளில் பணியிலிருந்தோர், பழைய பண்டிலேயே இருப்பதா, பென்ஷனுக்கு மாறுவதா என்று தாமே தெரிந்துகொள்ளலாம் என்றனர். அத்தெரிவு பின்னரும் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

எளிய கேள்விபோலத் தோன்றும் இதனை ஒரு குடும்பத்தலைவனின் இடத்தில் நின்று பார்ப்போம். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. இரண்டு பெண்கள் மணத்துக்கு நிற்கிறார்கள். ஊரில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. தந்தையார் அறுபதுக்குள் காலமானவர். தாமும் அதற்குமேல் இருப்போம் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு பக்கம் கையில் மொத்தமாக வரும் பணம். மறுபக்கம் உயிரோடு இருக்கும்வரை திங்கள்தோறும் சிறிது சிறிதாக வருவது. பலர் மொத்தப் பணத்தையே தெரிந்தனர். அதனை அறியாமை என்று இன்று சொல்வது எளிது. அவர்கள் தம் குடும்பத்தில் கண்ட வயதுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். கணக்கில் தவறில்லை, வாழ்நாள்தான் கணக்கை மீறி நீண்டுவிட்டது. பெண்களின் திருமணம் நடந்தது, கூரை மாற்றப்பட்டது, பணம் தீர்ந்தது, அவர்களோ எண்பது வரை இருந்தார்கள். நீண்ட ஆயுள் என்று நாம் ஒருவரையொருவர் வாழ்த்துகிறோமே, அவ்வாழ்த்து பலித்த வீடுகளில் அது பெருஞ்சுமையாயிற்று.

மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1962ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து 58 ஆயிற்று. 1964ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் குடும்ப ஓய்வூதியத் திட்டம் தொடங்கிற்று. அதற்கு முன்பு, கணவன் இறந்தால் மனைவிக்குக் கிடைத்தது சில ஆண்டுகளுக்கு மட்டுமே. புதிய திட்டமோ அவள் வாழ்நாள் முழுவதையும் கருதியது. ஆயினும் அதிலும் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 31க்கு முன் ஓய்வு பெற்றோரின் மனைவியரும் இறந்தோரின் மனைவியரும் கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர்.

கோடு கிழிப்பதில் அலுவலகங்களுக்கு என்றும் ஒரு விருப்பம் உண்டு. 1979ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் வந்த ஆணையே இதற்குப் பெருஞ்சான்று. பென்ஷன் கணக்கிடும் முறை அவ்வாணையால் தாராளமாக்கப்பட்டது. முன்பு கடைசி 36 திங்களின் சராசரிச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டனர். இப்போது கடைசி 10 திங்களே போதும் என்றாயிற்று. உச்ச வரம்பும் உயர்ந்தது. ஆனால் 1979ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் பணியில் இருந்து, அன்றோ பின்னரோ ஓய்வு பெற்றவர்க்கே இப்பயன் என்றனர். ஒரே அலுவலகத்தில் ஒரே நாளில் சேர்ந்து, அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து, ஒரே சம்பளம் வாங்கிய இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பிப்ரவரித் திங்களின் கடைசி நாளில் ஓய்வு பெற்றார். மற்றவர் மார்ச்சுத் திங்களின் கடைசி நாளில். இருவரும் ஒரே கடையில் அரிசி வாங்கினர். ஒருவருக்கு மட்டும் பென்ஷன் என்றென்றும் குறைவு. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த அவ்வாண்டுகளில் இவ்வேறுபாடு சிறிதன்று.

இதற்கு எதிராக எழுந்தவர்கள் யாவர்? ஓய்வு பெற்றவர்க்கு வேலைநிறுத்தம் என்ற படைக்கலம் இல்லை. அவர்கள் கோப்பை நகர்த்தாமல் வைத்திருக்க முடியாது. அவர்கள் கையில் கோப்பே இல்லை. ஆனால் கோப்பு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை வாழ்நாளெல்லாம் கற்றிருந்தனர். 1911ஆம் ஆண்டில் பிறந்து, அரசுப் பணிகள் பலவற்றை ஆற்றி ஓய்வு பெற்ற எச்.டி. ஷோரி, 1980ஆம் ஆண்டில், தம் எழுபதாவது வயதை நெருங்கும் வேளையில், ‘காமன் காஸ்’ என்னும் சங்கத்தைத் தில்லியில் தொடங்கினார். அச்சங்கம் முதலில் கையிலெடுத்த பொருள்களுள் ஒன்று இப்பென்ஷன் வழக்கு. பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா முதல் மனுதாரர். படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் இரண்டாமவர். ஷோரியின் சங்கம் மூன்றாவது. தனித்தனியே நீதிமன்றம் ஏற வலிமையற்ற எண்ணற்ற முதியோரின் சார்பில் நிற்பதாக அச்சங்கம் கூறிற்று. நீதிமன்றமும் அதனை ஏற்றது.

இதற்கு முன்பே ஒரு கதவு திறந்திருந்தது. பீகார் மாநில ஊழியர் தேவகிநந்தன் பிரசாத்தின் வழக்கில், பென்ஷன் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, ஊழியரின் சொத்துரிமை என்று 1971ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டிய கதவு சரியாக நூறாண்டில் திறந்தது என்பது தற்செயலே ஆயினும் நினைவிற் கொள்ளத்தக்கது. நகாரா வழக்கின் தீர்ப்பு 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் வந்தது. தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் அமர்ந்த அவையின் சார்பில் நீதிபதி டி.ஏ. தேசாய் அதனை எழுதினார். பென்ஷன் கருணையும் அன்று, கைம்மாறு கருதாத ஈகையும் அன்று. ஆற்றிய பணிக்கு உரியது. வலிமையுள்ள காலத்தில் உழைத்தவரை முதுமையில் கைவிடாமைக்கு ஏற்பட்ட சமூக ஏற்பாடு என்பது அத்தீர்ப்பின் சாரம். பென்ஷன்தாரர் அனைவரும் ஒரே வகுப்பினர். அவர்களை ஒரு நாளைக் கொண்டு இரண்டாகப் பிளத்தல் சமத்துவத்துக்கு மாறானது என்று கூறி அக்கோட்டை நீதிமன்றம் அழித்தது. குறித்த நாளுக்கு முந்திய காலத்திற்குப் பாக்கி இல்லை என்றாலும், அந்நாள் முதல் எல்லோர்க்கும் ஒரே கணக்கு என்றாயிற்று. இன்றும் டிசம்பர் 17ஆம் நாளைப் பென்ஷன்தாரர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றனர். நம் சங்கத்திலும் அன்று மாலையில் சுண்டல் உண்டு என்பதை இளைஞர்கள் அறிவர். சுண்டலுக்குக் காரணம் அறிந்தவர் சிலரே.

1964ஆம் ஆண்டுக் கோட்டுக்கு அப்பால் நின்ற கைம்பெண்கள் என்ன ஆயினர்? அவர்களும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த தீர்ப்பின் பயனாக, அக்கோட்டுக்கு முந்தியவர்களின் குடும்பங்களுக்கும் 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் முதல் குடும்ப ஓய்வூதியம் வழங்கப்பெற்றது.

ஆணை பிறந்துவிட்டால் போதுமா? அது உரியவரை அடைய வேண்டுமன்றோ? அக்காலத்தில் நம் காலனியில் ஒரு பெரியவர் இருந்தார். கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, எழுபதைக் கடந்தவர். பெயர் கூறின் அவர் குடும்பத்தார் விரும்பார், ஆதலின் விடுகிறோம். பழைய காலண்டர்த் தாள்களின் பின்புறத்தில், பிழையில்லாக் கையெழுத்தில், அவர் பிறர் பென்ஷனைக் கணக்கிட்டுக் கொடுப்பார். 1985ஆம் ஆண்டு ஆணை வெளிவந்ததும் அவர் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து, “இங்கே உத்தியோகம் பார்த்து, அறுபத்துநாலுக்கு முன்னே போனவர்கள் யார் யார்? அவர்கள் வீட்டம்மா இப்போது எங்கே?” என்று கேட்டார். நினைவுகளைக் கூட்டிக் கூட்டிப் பதினேழு பெயர்கள் சேர்ந்தன. ஊர்களுக்கு இன்லண்டு கடிதங்கள் பறந்தன. சில திரும்பி வந்தன. சிலவற்றுக்குப் பேரன் எழுதிய விடை வந்தது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு விடை நமக்கு இன்றும் நினைவில் உள்ளது. கணவர் 1961ஆம் ஆண்டில் தில்லியிலேயே காலமானவர். எந்த அலுவலகம் என்று அம்மாளுக்குத் தெரியவில்லை. “பெரிய சிவப்புக் கல் கட்டடம், எதிரே சைக்கிள் நிறுத்துவார்கள்” என்று மட்டும் எழுதியிருந்தார். பெரியவர் அக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நார்த் பிளாக்கு, சௌத் பிளாக்கு என்று ஏறி இறங்கினார். ஒரு பிரிவில் கோப்பு இல்லை என்றனர். மற்றொன்றில், இருந்தாலும் தேட ஆள் இல்லை என்றனர். “ஆள் நான் இருக்கிறேனே” என்று சொல்லி அவரே பழைய ஆவண அறைக்குள் புகுந்து மூன்று நாள் தூசியில் அமர்ந்து பணிப்பதிவேட்டைக் கண்டெடுத்தார். பணம் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வந்ததும் அம்மாள் நம் நூல்நிலையத்துக்கு 51 ரூபாய் மணியார்டர் செய்தார். பதினேழு பெயரில் பதினொருவருக்கே பயன் கிடைத்தது. எஞ்சியோருள் நால்வர் அதற்குள் காலமாயினர். இருவரைப் பற்றிய செய்தியே இல்லை. அந்நோட்டுப் புத்தகம் இன்னும் சங்க அலமாரியில் இருக்கிறது.

முதுமையில் செயலோடு இருப்பது எப்படி என்று இந்நாளில் சொற்பொழிவுகள் பல நிகழ்கின்றன. நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் நல்லனவே. அப்பெரியவர் நடந்த நடை தில்லி மாநகரப் பஸ் நிறுத்தத்துக்கும் ஆவண அறைக்கும் இடைப்பட்டது; அதன் அளவை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ரெயில்வேயில் பண்டைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் நகாரா தீர்ப்பு கைகொடுக்கவில்லை. நாங்களும் முதியோரே, எங்களுக்கும் பென்ஷனுக்கு மாறும் வாய்ப்பைத் தருக என்று அவர்கள் தொடுத்த வழக்கு 1990ஆம் ஆண்டில் தள்ளப்பட்டது. பண்டு வாங்கியவரும் பென்ஷன் வாங்குபவரும் வெவ்வேறு வகுப்பினர். மொத்தத் தொகையைக் கொடுத்ததும் அரசின் கடமை முடிந்தது என நீதிமன்றம் கருதியது. பின்னர் 1997ஆம் ஆண்டு நவம்பர் முதல் அவர்களுள் தகுதியுடையோர்க்குத் திங்கள் 600 ரூபாய் அளிக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் கருணைத்தொகை. உச்ச நீதிமன்றம் வெளியே அனுப்பிய அச்சொல் பின்கட்டு வழியாக மீண்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது! சட்ட நுணுக்கத்தில் அத்தீர்ப்புக்கு வலுவுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நீண்ட நாள் வாழ்ந்தமையையே குற்றமாக்கிய ஏற்பாடு அது என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை.

நம் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் தலைமையில் அமைந்த ஐந்தாவது ஊதியக் குழு, ஓய்வு வயதை 60 ஆக்கப் பரிந்துரைத்தது. 1998ஆம் ஆண்டு மே திங்களில் அது நடைமுறைக்கு வந்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் மற்றொரு புதுமை தோன்றிற்று. 2006ஆம் ஆண்டு ஜனவரி முதல், 80 வயது எய்திய பென்ஷன்தாரர்க்கு நூற்றுக்கு 20 பங்கு கூடுதல், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் அடிப்படைப் பென்ஷனே இரட்டிப்பு. 55இல் அனுப்பிவிட்டு அதன்பின் நினையாத அதே சர்க்கார், நூறாவது பிறந்த நாளுக்கும் விதியில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறது.

நம் பிள்ளைகளின் நிலை வேறு. 2004ஆம் ஆண்டு ஜனவரி முதல் மத்திய அரசில் புதிதாகச் சேர்ந்தோர், படையினர் நீங்கலாக, பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றப்பட்டனர். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், 25 ஆண்டு பணியாற்றியவர்க்குக் கடைசி 12 திங்களின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதிகூறும் திட்டம் ஒன்று அவர்கள்முன் வைக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டில் ரெயில்வேத் தகப்பனார் முன் இருந்த அதே கேள்வி, வேறு உடை உடுத்தி, பேரன் முன் வந்து நிற்கிறது. தனியார் தொழிலில் உள்ளோரின் 1995ஆம் ஆண்டுத் திட்டத்திலோ, திங்களுக்கு 1,000 ரூபாயாவது வேண்டும் என்னும் கீழ்வரம்பே 2014ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் ஏற்பட்டது. விண்ணப்பத்தில் கையெழுத்து இடுமுன், தாத்தாவின் வயதைக் காட்டிலும் தாம் இருபது ஆண்டு கூடுதலாக வாழக்கூடும் என்பதைப் பிள்ளைகள் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாக.

ஊருக்குத் திரும்பலாம் என்ற பழைய திட்டமும் மாறிவிட்டது. ஊரும் நம்முடனேயே மூப்பெய்தியிருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் அறுபது கடந்தோர் நூற்றுக்கு 13.6 பேர், நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. திரும்பிச் செல்வோர்க்கு அங்கே தெருவில் அண்ணன் தம்பிமாருக்கு மாறாகப் பூட்டிய வீடுகளே மிகுதியாகத் தென்படுகின்றன. ஆனால் முதியோர் மருத்துவத்தில் தமிழகம் முன்னரே விழித்தது. டாக்டர் வி.எஸ். நடராசனின் முயற்சியால் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கிற்று. 1996ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு மேற்படிப்பும் ஏற்பட்டது. ஊர் திரும்ப எண்ணுவோர் வீட்டின் பரப்பைக் கேட்குமுன் அருகில் உள்ள மருத்துவமனையைக் கேட்டறிவது நன்று.

கடைசியாக, தமிழர்க்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லிவிடுகிறோம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. வடநாட்டு அலுவலகப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. ஆகவே மனைவியின் பெயர் பென்ஷன் கொடுப்பாணையில் ‘ஆர். மீனாட்சி’ என்றும், வங்கியில் ‘மீனாட்சி ராமசாமி’ என்றும், ஆதாரில் ‘மீனாக்ஷி’ என்றும் மூவராகி நிற்கிறது. கணவர் உள்ளவரை இதனால் ஒரு குறையும் இல்லை. அவர் போன பிறகே, இம்மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வம்மாள் தலையில் விழுகிறது. சென்ற ஆண்டில் நம் காலனியில் ஒருவர் இதன்பொருட்டு ஏழு திங்கள் அலைந்தார். குடும்ப ஓய்வூதியம் இன்றி அவர் அவ்வேழு திங்களையும் கழித்ததைப் பக்கத்து வீட்டாரே பின்னர்தான் அறிந்தனர். நீதிமன்றம் சென்று பெற்ற உரிமை ஓர் எழுத்துப் பிழையில் சிக்கி நின்றுவிடுகிறது.

நவம்பர்த் திங்களில் பென்ஷன்தாரர் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். எண்பது கடந்தோர் அக்டோபரிலேயே கொடுக்கலாம். 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் விரல் ரேகையைக் கொண்டு மின்வழியே அளிக்கும் வசதி உள்ளது. அதற்குரிய கருவியைச் சங்கம் வாங்கியிருக்கிறது. அக்டோபர், நவம்பர்த் திங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 9 மணி முதல் 12 மணி வரை, நூல்நிலையத்தில் அப்பெரியவர் அமர்ந்த அதே மேசையில், ஓய்வு பெற்ற அன்பர் மூவர் அமர்ந்திருப்பார்கள். வருவோர் பென்ஷன் கொடுப்பாணை, வங்கிப் புத்தகம், ஆதார் அட்டை ஆகியவற்றோடு, மறவாமல், வீட்டம்மாளையும் அழைத்து வருக. அவர் பெயரையும் பிறந்த நாளையும் மூன்று தாள்களிலும் ஒத்துப் பார்த்த பின்னரே விரல் ரேகை எடுக்கப்படும்.